கரிச்சானுக்கு எழுதிய சட்டங்கள்

ஒரு லாரியைத் தோற்கடிக்க மூன்று முறை சட்டம் எழுதியவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எழுதுவதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். அருப்புக்கோட்டைப் பருத்தி வியாபாரிகள் சங்கத்தில் தலைவர் சொல்லுவார், குமாஸ்தா வேங்கடபதியாகிய நான் எழுதுவேன், மை காய்வதற்குள் கையெழுத்தாகிவிடும். அப்படிப் பாடுபட்டு எழுதிய மூன்று சட்டங்களில் ஒன்றுகூட அந்த லாரியை அசைக்கவில்லை. வெட்கப்படுவதென்றால் அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

லாரிக்குக் கரிச்சான் என்று ஊரே பெயர் வைத்திருந்தது. கறுப்பு வண்டி, சின்ன உடம்பு. பருந்தை விரட்டிக்கொண்டு போகுமே கரிச்சான் குருவி, அதுபோலத் தன்னைவிடப் பெரிய லாரிகளை விரட்டும். சொந்தக்காரர் ஹபீப் ரகுமான் ராவுத்தர். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசமாட்டார். டிரைவர் பால்ச்சாமி. மெக்கானிக் இன்பராஜ். இந்த மூன்று பேரும் ஒரு லாரியும் சேர்ந்து சங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாசி மாதம் கரிசலில் முதல் பருத்தி வெடித்ததும் ஓர் ஓட்டம் நடக்கும். திருச்சுழியில் லாரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஆறு பொதி பருத்தி. அதில் ஒரு பொதிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருக்கும். வேட்டுச் சத்தம் கேட்டதும் கிளம்பி, அருப்புக்கோட்டைப் பருத்திப்பேட்டைக்கு வந்து, அங்கே இருக்கும் பெரிய தராசின் கொக்கியில் மஞ்சள் பொதியை மாட்ட வேண்டும். வண்டியில் வந்தவர்களே மாட்ட வேண்டும், கூலியாள் கை வைக்கக்கூடாது. எவருடைய பொதி முதலில் தொங்குகிறதோ அவருக்குத் தலைப்பாகை. அந்தப் பருவத்துப் பருத்தி லோடு முழுவதும் அவருக்கே. மற்ற லாரிக்காரர்கள் அடுத்த மாசி வரை உப்பும் கருவாடும் ஏற்றிப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் முதல் ஓட்டம். கரிச்சான் வந்து பொதியை மாட்டி, எல்லாரும் வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான் இரண்டாவது லாரி பேட்டைக்குள் நுழைந்தது. பருவ லோடுக்கான கடிதத்தைக் கொடுக்க ராவுத்தரைத் தேடிப் போனேன். கொண்டாட்டமாக இருப்பார்கள், ஒரு வாய் பிரியாணியாவது கிடைக்கும் என்பது என் கணக்கு. பேட்டைக்குப் பின்னால் வாகை மரத்தடியில் மூன்று பேரும் ஆளுக்கொரு டீத் தம்ளரோடு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க விட்டோம்?" என்று கேட்டார் ராவுத்தர்.

"மணலோடையில கியர் மாத்தும்போது இழுவை விட்டுச்சு மொதலாளி" என்றார் இன்பராஜ்.

"கல்லுப்பாலத்துக்கிட்ட ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்குனேன். ஒதுங்காமலே போயிருக்கலாம். எடம் இருந்துச்சு" என்றார் பால்ச்சாமி.

"நானும் விட்டேன். பொதியக் கட்டுன கயித்த அவுக்கையில முடிச்சு எறுகிருச்சு. மஞ்சப் பொதிய எதுக்கு முன்னாடி வச்சோம்? எறக்க வேண்டியது அதத்தான். கடைசியில ஏத்தி, வால் பக்கம் வச்சு, ஒத்த முடிச்சாப் போடணும்" என்றார் ராவுத்தர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிச்சவுக நீங்கதான் ராவுத்தரே" என்றேன்.

"தோத்தவுக யோசிச்சுக்கிட்டு இருப்பாக குமாஸ்தா. நாம சும்மா இருந்தா அவுக வந்துருவாக" என்றார்.

அன்றைக்குப் பிரியாணி கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாசியிலும் ஏதாவது ஒரு சாக்கில் அந்த வாகை மரத்தடிக்குப் போக ஆரம்பித்தேன். முப்பத்தொன்பதில் ஜெயித்தார்கள், "எங்க விட்டோம்?" நாற்பதில் ஜெயித்தார்கள், "எங்க விட்டோம்?" மூன்றாவது வருஷம் மஞ்சள் பொதியை இறக்கி மாட்ட, நான் மூன்று தரம் மூச்சு விடும் நேரம்தான் ஆயிற்று. ஒத்தை முடிச்சை இழுத்தால் பொதி தானாகப் பலகையில் சறுக்கி வந்து கொக்கிக்கு நேராக நிற்கும். மற்றவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது தலைப்பாகை மட்டும்தான்.

நாற்பத்தொன்றில் தலைவர் சௌடையா என்னைக் கூப்பிட்டார். அவருடைய மைத்துனர் சென்னய்யாவுக்கு ஒரு லாரி உண்டு. அது மூன்று வருஷமாக இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. மைத்துனர்கள் இருவரும் என் எதிரிலேயே கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை முடிந்ததும் தலைவர் தமிழுக்கு வந்து, "எழுதும்" என்றார். எழுதினேன். போன வருஷம் ஜெயித்த வண்டி இந்த வருஷம் இரண்டு பொதி கூடுதலாக ஏற்ற வேண்டும். இது முதல் சட்டம்.

அந்த மாசியில் மணலோடையில் மற்ற லாரிகளின் பின்சக்கரங்கள் மணலில் வெறுமே சுற்றின. எட்டுப் பொதிப் பாரம் கரிச்சானின் பின்சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அது நடந்து போவது மாதிரி ஓடையைக் கடந்தது. நாங்கள் ஏற்றிய பாரமே அவர்களுக்கு உதவிவிட்டது. சென்னய்யா இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு யுத்தம் எங்கள் ரோட்டுக்கும் வந்து சேர்ந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன், கூப்பனுக்கு நாயாய் அலைச்சல். லாரிகள் எல்லாம் கரிக்கு மாறின. டிரைவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை நிற்க வைத்து, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். அதில் பிறக்கும் வாயுவில் என்ஜின் ஓடும். ஓடும் என்று சொல்வது மரியாதைக்கு. பாதி நேரம் இருமும், மீதி நேரம் நிற்கும். பெட்ரோல் என்ஜினை இன்பராஜ் அளவுக்குத் தெரிந்தவன் ஜில்லாவில் கிடையாது. அந்தத் தெரிந்த விஷயமெல்லாம் ஒரே உத்தரவில் பாதிக்கு மேல் பயனற்றுப் போயிற்று. கரிச்சானின் காலம் முடிந்தது என்று பேட்டையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதுவும் போதாதென்று தலைவர் என்னை இரண்டாவது சட்டத்தையும் எழுத வைத்தார். இனிமேல் நேர் ரோட்டில் வரக்கூடாது, காரியாபட்டி போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ராவுத்தரின் நெருப்புத் தாங்காது என்று நினைத்தார்.

ராவுத்தர் இன்பராஜைக் கூட்டிக்கொண்டு திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் ஒரு வாரம் திரிந்தார். கடைசியில் மாயக்காளைக் கண்டுபிடித்தார். நாற்பது வயது இருக்கும். கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவள். கரியைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தே அது எத்தனை நாள் மூட்டம், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லுவாள். இன்பராஜ் அவளிடம் கேட்டுக் கேட்டுக் கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துச் சலித்தார். வாயுவை வடிகட்ட, தறிக்காரர்கள் வீட்டில் வீணாய்ப் போகும் நூல் கழிவை வாங்கி அடைத்தார். நாற்பத்திரண்டு மாசியில் மற்ற லாரிகள் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கரிச்சான் காரியாபட்டியைச் சுற்றி வந்து பொதியை மாட்டியது. வாகை மரத்தடியில் அந்த வருஷம் நான்கு டீத் தம்ளர்.

இதுவரை சொன்னது எல்லாம் அவர்கள் நன்றாக இருந்த காலம். அந்த வருஷமே ஆட்கள் போக ஆரம்பித்தார்கள்.

முதலில் இன்பராஜ். பட்டாளத்து மோட்டார்ப் பட்டறைக்கு ஆள் எடுத்தார்கள், போய்விட்டார். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஐப்பசியில் பால்ச்சாமி போனார். சென்னய்யா புதிதாக ஒரு பெரிய லாரி வாங்கி நீலச் சாயம் அடித்து நிறுத்தியிருந்தார். அதை ஓட்ட வந்தால் குடியிருக்க ஓட்டு வீடு தருவதாகச் சொன்னார். பால்ச்சாமியின் கூரை வீடு அந்த மழையில்தான் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

நான் வயிற்றெரிச்சலோடு ராவுத்தரிடம் போனேன். "இத்தனை வருசம் கூட இருந்தவன், இப்படிப் போகலாமா?" என்றேன்.

"அவன் பிள்ளைக நனையுது குமாஸ்தா. ஓட்டு வீட்டுக்குப் போகாதன்னு சொல்ல நான் யாரு?" என்றார். அவ்வளவுதான். ஒரு சுடுசொல் இல்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தை மாதம் அந்த உத்தரவு வந்தது. லாரிகளையெல்லாம் ராணுவத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பருத்தி ஏற்றுவதற்காக எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு லாரி விட்டுவைக்கப்படும். பருவ லோடு யாரிடம் இருக்கிறதோ அந்த லாரி. இந்த மாசியில் ஜெயிக்கிற லாரி ஊரில் இருக்கும், தோற்கிற லாரி போய்விடும். ராவுத்தருக்கு வேறு தொழில் கிடையாது, வேறு வண்டியும் கிடையாது. மாயக்காளின் கரிக்கு வேறு ஆளும் கிடையாது.

உத்தரவைப் படித்துக் காட்டியதும் தலைவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "எழுதும்" என்றார். மூன்றாவது சட்டம். எல்லா லாரிக்கும் சங்கமே கரி கொடுக்கும், சொந்தக் கரி போடக்கூடாது. யாரை மனசில் வைத்து எழுதச் சொல்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதினேன். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்.

நாற்பத்து மூன்று மாசி. திருச்சுழியில் அந்தக் காலை நான்கு லாரிகள் நின்றன, பார்க்க வேண்டியவை இரண்டுதான். சென்னய்யாவின் நீல லாரியில் டிரைவர் இருக்கையில் பால்ச்சாமி. மஞ்சள் பொதியை எல்லாருக்கும் தெரியும்படி முன்பக்கம் உச்சியில் ஏற்றி, மாலை போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். பால்ச்சாமி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய் ஏதோ சொன்னார். "ஓட்டுறது ஒன் வேலை, கட்டுறது எங்க வேலை" என்று அவர்கள் சொன்னது எனக்குக் கேட்டது. பால்ச்சாமி திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கரிச்சானை ராவுத்தரே ஓட்டுவதாக இருந்தது. பக்கத்தில் தரையில் சாக்கை விரித்து மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து சங்கத்துக் கரியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருக்கிறாள். தேங்காய் அளவுக் கட்டிகள், பாதி தூசி. உடைத்துச் சலித்து, தகரத்தில் பரப்பி, கீழே சருகு மூட்டிச் சூடு காட்டினாள். சென்னய்யா ஓடி வந்தார்.

"குமாஸ்தா, இது சட்டமா?" என்றார்.

மாயக்காள் தலையைத் தூக்கவில்லை. "கரி சங்கத்துக் கரிதானே அய்யா? ஒடைக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"எழுதலை" என்றேன். எழுதியவன் நானல்லவா.

"பொம்பளை வண்டியில வரலாமா?"

"அதுவும் எழுதலை" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது.

கள்ளத்தனமாகப் பெட்ரோலில் ஓட்டிவிடக்கூடாது என்று ஒவ்வொரு லாரியிலும் சங்கத்து ஆள் ஒருவர் போக வேண்டும். நான் கரிச்சானில் ஏறிப் பொதிமேல் உட்கார்ந்துகொண்டேன். வேட்டு வெடித்தது.

பால்ச்சாமி ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வண்டியை ஒரு குழியில் விடாமல், ஒரு திருப்பத்தில் தயங்காமல் கொண்டுபோனார். அவர்மேல் கோபமாக இருந்த எனக்கே கை தட்டலாம் போல இருந்தது. நாங்கள் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போனோம். மணலோடையில் நீல லாரி ஒரே மூச்சில் ஏறிப் போய்விட்டது. எட்டுப் பொதிப் பாரம் இருந்தும் ராவுத்தர் தவறான இடத்தில் வேகத்தைக் குறைத்தார். கரிச்சான் புதைந்து நின்றது. மாயக்காள் குதித்து இறங்கி, பக்கத்துப் புஞ்சையில் குவித்திருந்த போன வருஷத்துப் பருத்திமாரை, காய்ந்த செடிக் குச்சிகளை, இரண்டு கை அள்ளி வந்து சக்கரத்தடியில் திணித்தாள். "இப்ப மெதுவா விடுங்க ராவுத்தரய்யா, மெதுவா" என்றாள். சக்கரம் மாரைக் கடித்துப் பிடித்து மேலே ஏறியது. அதற்குள் நீல லாரியின் புழுதிகூடக் கண்ணில் இல்லை.

காரியாபட்டி தாண்டியதும் என்ஜின் இரும ஆரம்பித்தது. எவ்வளவு சலித்தாலும் மட்டக் கரி மட்டக் கரிதான். சாம்பல் உருகி ஓடாய்ப் படிந்து நெருப்பை மூடுகிறது என்றாள் மாயக்காள். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே பக்கப்படியில் இறங்கி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரும்புக் கோலை விட்டுக் குத்திக் கிளறினாள். முகத்தில் அனல் அடித்தது. பிறகு செம்பிலிருந்து தண்ணீரைக் கையில் எடுத்து, காற்று உள்ளே போகும் வாயில் சுள் சுள்ளென்று தெளித்தாள்.

"அணைஞ்சுரும் ஆத்தா!" என்று கத்திவிட்டேன்.

"கொல்லன் ஒலையில தெளிக்கிறதப் பாத்ததில்லையா குமாஸ்தா அய்யா? ரொம்ப ஊத்துனாத்தான் அணையும். கொஞ்சமாத் தெளிச்சா வெறி வந்து எரியும்."

வெறி வந்துதான் எரிந்தது. என்ஜினின் இருமல் நின்று இழுவை கூடியது. ராவுத்தர் குனிந்து ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டார். தேரோட்டத்துக்கு நிற்பது மாதிரி ரோட்டோரம் ஜனங்கள் நின்றார்கள். கல்லுப்பாலத்தில் நீல லாரி தெரிந்தது. அதன் நெருப்பும் மந்தப்பட்டிருந்தது. ஆனாலும் நூறு கெஜம் இடைவெளி இருந்தது. பேட்டை வாசல் வரைக்கும் அந்த இடைவெளி மூடவே இல்லை. நீல லாரிதான் முதலில் நுழைந்தது. நான் பொதிமேல் கண்ணை மூடிக்கொண்டேன். என் மூன்றாவது சட்டம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது.

கண்ணைத் திறந்தபோது கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. வாசலிலேயே நீல லாரியை நிறுத்திவிட்டார்கள். தலைவர் சௌடையா, நேர் ரோட்டில் காரில் முன்னதாகவே வந்துவிட்டிருந்த சென்னய்யாவுக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். பொதியைக் கட்டி வண்டியில் வந்த இரண்டு பேரும் கீழே குதித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷமாக அவர்கள் தூரத்திலிருந்து பார்த்தது இதைத்தானே? கரிச்சான் வரும், கொட்டு அடிக்கும், தலைப்பாகை கட்டும். நடுவே தராசில் நடந்ததை அவர்கள் கவனித்ததே இல்லை. ஒருவர் மட்டும் கவனித்தவர். பால்ச்சாமி இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "தராசுக்குப் போகணும்! வழிய விடுங்க! மஞ்சப் பொதிய அவுங்க!" கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒருவன் அவருக்கும் ஒரு மாலையைப் போட்டுவிட்டுப் போனான்.

நீல லாரி வாசலில் பாதியை அடைத்து நின்றது. கரிச்சானின் சின்ன உடம்புக்கு மீதிப் பாதி போதும். ராவுத்தர் உள்ளே விட்டு, ஒரு வட்டம் அடித்து, பின்பக்கமாகத் தராசுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். மாயக்காள் ஒத்தை முடிச்சை இழுத்தாள். மஞ்சள் பொதி பலகையில் சறுக்கியது. அவளும் ராவுத்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கொக்கியைக் கயிற்றுக்குள் கொடுத்தார்கள். தராசுக்கோல் கிரீச்சென்று சாய்ந்தது. மூன்று மூச்சு.

பேட்டையில் எல்லாரும் கேட்டுப் பழகிய சத்தம் அது. கொட்டு நின்றது.

பால்ச்சாமி தானே உச்சியில் ஏறிப் பல்லால் கடித்துக் கயிறுகளை அவிழ்த்து, அந்தப் பொதியைத் தனியாளாக முதுகில் சுமந்துகொண்டு அப்போதுதான் தராசு வரை வந்து சேர்ந்தார். கொக்கியைப் பார்த்தார். பொதியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "குமாஸ்தா, எழுதும். முதல் வண்டி சென்னய்யாவோடது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டிக்கொண்டேன். மறுபடியும் கழற்றித் துடைத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கும் ஐந்து பேரையும் ஒவ்வொருவராக நினைத்தேன். எத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது. ராவுத்தர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. என்னை இக்கட்டில் வைக்கக்கூடாது என்று அவர் வேண்டுமென்றே கரிச்சானின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் கண்டதும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"பொதி தொங்குறதுதான் கணக்கு அய்யா. முப்பத்தெட்டுல எழுதுன சட்டம். நீங்கதான் கையெழுத்துப் போட்டீக" என்றேன்.

"அதுக்கப்புறம் மூணு சட்டம் எழுதலையா? இதையும் மாத்தும்."

"மாத்தலாம். அடுத்த வருசத்துக்கு மாத்தலாம். இன்னைக்குப் பொதி தொங்கிருச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள், பேச்சு எந்தப் பக்கம் என்று தலைவருக்குப் புரிந்துவிட்டது. சென்னய்யாவே தலைப்பாகையை அவிழ்த்து என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று போனார்.

வாகை மரத்தடியில் ராவுத்தர் அந்தத் தலைப்பாகையை மாயக்காள் மடியில் வைத்தார். அவள் விரித்துப் பார்த்து, "நல்ல துணி. மூட்டை தூக்கச் சும்மாடு ஆகும்" என்று மடித்து வைத்துக்கொண்டாள். டீ வந்தது. ராவுத்தர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க விட்டோம்?" என்றார்.

மாயக்காள் வாயைத் திறப்பதற்குள் பால்ச்சாமி வந்து நின்றார். கழுத்தில் அந்த மாலையைக் கழற்ற மறந்திருந்தார். நீல லாரியை அடுத்த வாரம் ராணுவத்துக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். லாரியோடு ஓட்டு வீட்டு வாக்கும் போயிற்று.

"நிக்காத, ஒக்காரு" என்றார் ராவுத்தர். "ஓடைய ஏறினதும் திரும்பிப் பாத்தேல்ல? நாங்க எங்க விட்டோம், சொல்லு."

"ஓடையில மொதலாளி. எறங்குன வேகத்தோட ஏறணும், நீங்க நடுவுல கால எடுத்துட்டீக." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். "நானும் விட்டேன். பொதிய மேல கட்டும்போதே கையப் பிடிச்சுத் தடுத்திருக்கணும்... இல்ல மொதலாளி, நான் ஐப்பசியிலயே விட்டுட்டேன்." துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

யாரும் அவரைத் தேற்றவில்லை. மாயக்காள்தான் பேசினாள். "விடிஞ்சதும் வா. மொதல்ல விசிறியச் சுத்து, கரி சலி. ஸ்டேரிங்கப் பெறகு பாத்துக்கலாம். ஒம் பிள்ளைக நனையாம இருக்க எங்கூருல பனமட்டை கெடக்கு, நாலு பேரு சேந்தா கூரைய மேஞ்சுறலாம்." ஐந்து வருஷம் அந்த வண்டியை ஓட்டிய பால்ச்சாமி, தலையை ஆட்டி ஒப்புக்கொண்டு, மூன்றாவது தம்ளரை எடுத்துக்கொண்டார்.

எனக்கு நான்காவது தம்ளர் வந்தது. அதுவரை அங்கே எனக்கு யாரும் டீ கொடுத்ததில்லை. சட்டம் எழுதுகிறவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள், நானும் எதிர்பார்த்ததில்லை. ராவுத்தர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் வண்டியிலதானே வந்தீக குமாஸ்தா. நீங்க சொல்லுங்க, எங்க விட்டோம்?"

டீயைக் கீழே வைத்தேன். "தராசடியில ராவுத்தரே" என்றேன். "நான் ரெண்டு தரம் கண்ணாடி தொடச்சேன்ல, அங்க."

ராவுத்தர் சிரிக்கவில்லை. ஓடையைப் பற்றிப் பால்ச்சாமி சொன்னதைக் கேட்டுக்கொண்டது போலவே இதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "ஆமா" என்றார். "அடுத்த வருசம் அத ஒரு தரமாக் கொறைக்கணும்."